பாய்லர் சுருதி

எங்க பேண்டுக்கு சுருதி குடுத்தது ஒரு பாய்லர். சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும். இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமா சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. பேண்டுல கூட ஊதற பல் டாக்டர் சொன்னா அதுல பல் டாக்டர்தான் ஹீரோ. தபால்காரர் சொன்னா பாய்லர் வெடிச்சே போயிடும். அது வெடிக்கல. நான் சொல்றேன், ஏன்னா அந்த பாய்லர் இருந்தது என் லாண்டரியில, பேண்டுல பெரிய டியூபா ஊதறது நான், இதுல மனசு ஒடைஞ்சு உக்காந்தது என் கூடப்பொறந்த அண்ணன்.

கட்டடத்தைச் சொல்லிடறேன். கீழ சலவை. ஆஸ்பத்திரிப் போர்வை, ஹோட்டல் மேஜைவிரிப்பு, துண்டு, எல்லாம் மூட்டை மூட்டையா வரும். பின்பக்கம் பாய்லர் ரூம். மாடியில, ஈரத்துணி காயப்போடற பெரிய கூடம். பாய்லர்லேர்ந்து ஒரு தடிக்குழாய் தரையைத் துளைச்சுக்கிட்டு மேல வந்து, சுவரோரமா ஒரு சுத்து சுத்திட்டுப் போகும். அதுதான் கூடத்துக்குச் சூடு. வெளிய மழை பெய்யும்போது அங்க போய் நின்னா கண்ணு தானா சொக்கும். வரிசையா வெள்ளைப் போர்வைங்க தொங்கும், சோப்பு வாசனை, தரையெல்லாம் கதகதப்பு, காலுக்குக் கீழ ‘ம்ம்ம்’னு ஒரு முனகல். சின்ன வயசுல நானும் அண்ணனும் அந்தப் போர்வைங்களுக்கு நடுவுலதான் மத்தியானம் தூங்குவோம். முழிச்சு எழுந்தா இது கனவா நெசமான்னு கொஞ்ச நேரம் தெரியாது.

பேண்டு ஆரம்பிச்சது நாங்க பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. அப்போ பாய்லர் பார்த்துக்கிட்டவரு, அதுக்கு முன்னாடி கப்பல் இஞ்சின் ரூம்ல வேலை பார்த்தவரு. கப்பலை விட்டு இறங்கும்போது அவர் கொண்டு வந்தது ரெண்டு விஷயம், சின்ன ட்ரம்பெட் மாதிரி ஊதற ஒரு கார்னெட், பாதி போன காது. ஏதோ ஒரு ராணுவப் பேண்டைக் கலைச்சப்ப மூலையில கிடந்த ஊதுற வாத்தியங்களை எல்லாம் கேட்டு வாங்கி வண்டியில ஏத்திட்டு வந்து, இஸ்திரி போடறவங்க, மூட்டை தூக்கறவங்க, எதிர்க்கடை தையல்காரர்னு கையில சிக்கினவங்ககிட்ட எல்லாம் திணிச்சாரு. ஊதத் தெரியாதுன்னு சொன்னவங்களை, சூடான காப்பியை ஊதிக் குடிக்கத் தெரியுதில்லன்னு சொல்லி வாயை அடைச்சாராம். வேலை முடிஞ்சதும் எல்லாரும் மாடிக்கு வந்து ஊதுவாங்க.

அங்கதான் சிக்கல் வந்துச்சு. கீழ பாய்லர் ஒரு சுருதியில முனகும், மேல இவங்க ஒரு சுருதியில ஊதுவாங்க. ரெண்டும் ஒட்டாம, கேக்கறவங்களுக்குப் பல்லு கூசும். பாய்லரை நிறுத்த முடியாது, ராத்திரிக்குள்ள ஆஸ்பத்திரிப் போர்வை காயணும். பாய்லர்காரர் யோசிச்சுப் பார்த்தாரு. “அது நம்ம பேச்சைக் கேக்கப்போறதில்ல. நாம அது பேச்சைக் கேட்டுடுவோம்”னு சொல்லிட்டாரு. ஒவ்வொரு வாத்தியத்துலயும் சுருதி சேர்க்கறதுக்குன்னு உள்ளயும் வெளியயும் நகர்ற குழாய் ஒண்ணு இருக்கும். வெளிய இழுத்தா சுருதி இறங்கும். எல்லாரும் அதை நல்லா வெளிய இழுத்து, பாய்லரோட சுருதிக்கு இறங்கினாங்க. பியானோவுல தேடினா அந்த சுருதி கிடைக்காது. அடுத்தடுத்த ரெண்டு கட்டைக்கு நடுவுல எங்கயோ அது இருந்துச்சு.

அவருக்குத்தான் காது மந்தமாச்சே, அதனால அந்த முனகலை அவர் காதால கேக்கறதில்ல. செருப்பைக் கழட்டிட்டு, தரையில கால் பதிச்சு வாங்கிக்குவாரு. அவரைப் பார்த்து மத்தவங்களும் கழட்டினாங்க. அதுவே வழக்கமாயிடுச்சு. எங்க அப்பா காலத்துலயும் அப்படித்தான், எங்க காலத்துலயும் அப்படித்தான். மாடிப்படி முடியற இடத்துல செருப்பும் ஷூவும் குவிஞ்சு கிடக்கும். உள்ள எல்லாரும் போர்வைங்களுக்கு நடுவுல வெறுங்காலோட கண்ணை மூடி நிப்போம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. காலுக்கடியில முனகல் ஏறி முட்டி வரைக்கும் வரும். அப்புறம் ஒவ்வொருத்தரா அந்த சுருதியில ஊத ஆரம்பிப்போம், எந்த இடத்துல பாய்லர் முடியுது, எந்த இடத்துல நாங்க ஆரம்பிக்கிறோம்னே தெரியாது. அப்படி ஒரு சுகத்தை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல.

ஆனா இந்தக் கட்டடத்தைத் தாண்டினா நாங்க கோமாளிங்கதான். அப்பா காலத்துல ஒரு பெரிய போட்டிக்குப் போனாங்க. மேடை ஏறினதும் பழக்கதோஷத்துல எல்லாரும் ஷூவைக் கழட்டிட்டுக் கண்ணை மூடி நின்னுட்டாங்க. ஜனங்க ஏதோ வேண்டிக்கறாங்கன்னு நினைச்சு அவங்களும் எழுந்து நின்னாங்களாம். அதோட போயிருந்தாலும் பரவாயில்ல. கடைசியில பியானோவோட சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கணும். பியானோ ஒரு பக்கம் இழுக்குது, இவங்க ஒரு பக்கம் இழுக்கறாங்க, முன்வரிசைக் குழந்தைங்க காதைப் பொத்திக்கிச்சு. நடுவர் கடைசியா சொன்னாராம், “தப்பா ஊதறீங்க, ஆனா இவ்வளவு ஒத்துமையா யாரும் தப்பு பண்ணி நான் பார்த்ததில்ல.” எங்க அப்பா அதைப் பாராட்டா எடுத்துக்கிட்டு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. அதுக்கப்புறம் எங்களைக் கூப்பிடறவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுவோம், பாட்டுக்காரங்களையும் பியானோவையும் கூப்பிட்டுடாதீங்கன்னு.

இப்ப அண்ணி கதைக்கு வரேன். அவங்க இஸ்திரி போட வந்தவங்க. சங்கீதம்னா என்னன்னு கேட்டா தெரியாது. ஆனா இஸ்திரிப்பெட்டி நகர ஆரம்பிச்சா அவங்க வாய் சும்மா இருக்காது, வார்த்தையே இல்லாத ஒரு பாட்டு, அவங்களே உண்டாக்கினது, மெதுவா முனகிக்கிட்டே இருப்பாங்க. அது பாய்லர் சத்தத்துமேல அப்படியே உக்காந்துக்கும். குழாய் மேல போற ஓட்டை வழியா மாடிக்குக் கேக்கும். அண்ணன் அப்போ கார்னெட் ஊதற வாலிபன். ஒரு துண்டைச் சுருட்டி கார்னெட் வாய்ல அடைச்சு, சத்தம் வெளிய போகாம, அந்தப் பாட்டுக்கு மேலேர்ந்து பதில் ஊதுவான். ஒரு மழைக்காலம் பூரா இப்படியே போச்சு. நேர்ல பார்த்தா ரெண்டும் ஊமை. எனக்குப் பொறுக்கல. “ரெண்டு பேரும் குழாய் வழியாவே குடும்பம் நடத்தப்போறீங்களா?”ன்னு அண்ணியை நேராவே கேட்டுட்டேன். அவங்க காது வரைக்கும் சிவந்துபோய், போட்டு முடிச்ச துணிக்கே திரும்ப இஸ்திரி போட்டாங்க. அப்புறம் கல்யாணம் நடந்துச்சு, நல்லா இருந்தாங்க. குழந்தை இல்ல, அதைப் பத்தி ரெண்டு பேரும் யார்கிட்டயும் புலம்பினதும் இல்ல. அப்புறம் அண்ணி நோயில படுத்து, போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அண்ணன் தினம் காலையில டீயோட பாய்லர் ரூமுக்குப் போயிடுவான். டீ ஆறிப்போற வரைக்கும் அங்கயே நிப்பான். குளிருக்கு நிக்கிறான்னு நினைச்சு நானும் விட்டுட்டேன். பேண்டை நடத்தறது அவன்தான், பேசறதெல்லாம் ஒத்திகையிலதான். மத்த நேரம் அவன்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடும்.

போன மழைக்காலத்துக்கு முன்னாடி, பாய்லர் சோதனை பண்ற அம்மா வந்தாங்க. டார்ச்சை வாய்ல கடிச்சுக்கிட்டு, சின்னக் கண்ணாடி ஒண்ணை உள்ள விட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. வெளிய வந்து கையைத் துடைச்சுக்கிட்டே, “உள்பக்கம் விரிசல் விட்டிருக்கு. இதை இன்னும் ஓட்டினீங்கன்னா அடுத்த தடவை நான் வரமாட்டேன், தீயணைக்கிறவங்கதான் வருவாங்க”ன்னாங்க. அந்த பாய்லருக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவுல ஒரே ஒரு செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் நிக்கிற பொண்ணுங்க எல்லாம் என்னை அக்கான்னு கூப்பிடறவங்க.

பாய்லர் ரூம்லயே அண்ணன்கிட்ட சொன்னேன். ஒத்து ஊதுவான்னு நினைச்சேன், எகிறினான்.

“வெல்டு வச்சுப் பார்க்கலாம்.”

“வைக்க முடியாதாம். கேட்டுட்டேன்.”

“நீ ஒழுங்கா கேட்டிருக்க மாட்டே.”

“அண்ணா, அது பழசாயிடுச்சு. நிறுத்தித்தான் ஆகணும்.”

“சரி, நிறுத்திக்கோ. நானும் நிறுத்திடறேன். கார்னெட்டைப் பெட்டியில வச்சுப் பூட்டிடறேன்.”

எனக்கும் கோவம் தலைக்கேறிடுச்சு. “நீ என்ன பாய்லருக்காக ஊதறியா, மனுஷங்களுக்காக ஊதறியா?”ன்னு கத்திட்டேன். அவன் கத்தல. துணிக்கூடை மேல உக்காந்தான். தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

“அது ஓடும்போதுதான் அவ குரல் எனக்குக் கேக்குது. அந்த சத்தத்துமேல வச்சுத்தான் அவ பாடுவா. தினம் காலையில போய் நின்னு, அதுமேல அவ குரலை வச்சுப் பார்த்துக்கறேன். அது நின்னுபோச்சுன்னா அவ குரல் எனக்கு மறந்துடும். போட்டோ இருக்கு, புடவை இருக்கு. குரலுக்கு வேற எதுவும் இல்ல.”

அண்ணன் பக்கத்துல உக்காந்து நானும் தரையையே பார்த்தேன். ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் பொண்ணுங்க சிரிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தித்தான் ஆகணும்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

நிறுத்தின அன்னைக்கு அவன் வரமாட்டான்னு நினைச்சேன், வந்தான். நான் வால்வை மூடினேன். முனகல் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, எங்க போச்சுன்னே தெரியாம போயிடுச்சு. அண்ணன் உள்ளங்கையை அந்த இரும்புல வச்சுக்கிட்டு நின்னான். சூடு முழுசா ஆறுற வரைக்கும் கையை எடுக்கல. அதுக்கப்புறம் யார் முகத்தையும் பார்க்காம வெளிய போயிட்டான்.

பழசை அப்படியே விட்டுட்டு, அதுக்குப் பதிலா சுவர்ல ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிட்டுப் போனாங்க. நல்லாத்தான் வேலை செய்யுது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வரும். ஆனா அதுக்கு சத்தமே கிடையாது. கட்டடம் முழுக்க ஒரு மாதிரி ஆயிடுச்சு. எதிர்க்கடையில இப்ப தைக்கிறவரு, “தெருவுல என்னமோ தொலைஞ்சுபோன மாதிரி இருக்கு”ன்னு வந்து கேட்டாரு. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை மத்தியானம் தூங்க மாட்டேங்குதாம், அதுக்கும் அவங்கம்மா என்னைத்தான் முறைக்கிறாங்க.

முதல் ஒத்திகைக்கு அண்ணன் வரல. மத்தவங்க எல்லாரும் வந்து, வழக்கப்படி செருப்பைக் கழட்டிட்டு, போர்வைங்களுக்கு நடுவுல கண்ணை மூடி நின்னோம். தரை வெறும் தரையா இருந்துச்சு. நின்னோம், நின்னோம், நின்னுக்கிட்டே இருந்தோம். கடைசியில ட்ரம் அடிக்கிற தபால்காரர், “கால் மரத்துப்போச்சு, ஆரம்பிங்கப்பா”ன்னாரு. ஊதினோம். அடக் கொடுமையே, ஆளுக்கொரு சுருதி. குழாய் இருந்த இடத்துலயே இருந்தாலும், உதட்டை இறுக்கினா தளர்த்தினா சுருதி நகர்ந்துடும். எல்லாருக்கும் அந்த சத்தம் நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா எல்லார் ஞாபகமும் வேற வேற. தான் சொல்றதுதான் சரின்னு பல் டாக்டர் குதிச்சாரு. யூஃபோனியம்னு குட்டி டியூபா மாதிரி ஒண்ணு ஊதற நர்ஸ், பாய்லர் சத்தத்தை முன்னாடியே போன்ல பிடிச்சு வச்சிருந்தா. போட்டுக் காட்டினா. அதுல காத்து அடிக்கிற மாதிரி ‘உஸ்’ஸுன்னு ஏதோ கேட்டுச்சு. அவ்வளவு அடி சத்தம் அந்தக் குட்டி போன்ல எங்க வரும்? அது காலுக்கு வந்த சத்தம். சண்டை போட்டுட்டுத்தான் கீழ இறங்கினோம், யார் செருப்பை யார் போட்டுக்கிட்டுப் போனாங்கன்னுகூடத் தெரியல.

வேற வழியில்லாம, உலகத்துல மத்தவங்க வச்சிருக்கிற சுருதிக்கே போயிடலாம்னு முடிவாச்சு. அதுக்கு அந்த சுருதிக் குழாய்ங்களை உள்ள தள்ளணும். தள்ளினா நகர்ந்தாத்தானே. அத்தனை வருஷமா யாரும் அசைக்காம, வெளிய இழுத்த இடத்துலயே பச்சைக் களிம்பு பிடிச்சு இறுகிப்போயிருந்துச்சு. இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்துல வேற எந்த பேண்டும் பண்ணியிருக்காது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் எல்லாரும் வாத்தியத்தைத் தூக்கிட்டு இஸ்திரி ரூமுக்கு வந்தாங்க. வெள்ளைப் பெட்டியிலேர்ந்து வெந்நி பிடிச்சு, துண்டை நனைச்சு, குழாயைச் சுத்திக் கட்டி, எண்ணெய் விட்டு, மரக்கட்டையால மெல்ல மெல்லத் தட்டினோம். ரூம் முழுக்க ஆவி. இஸ்திரி மேஜை மேல வாத்தியங்க எல்லாம் துண்டு கட்டிக்கிட்டுப் படுத்திருந்துச்சு, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. பல் டாக்டர் தன் டிராம்போனோட மல்லுக்கட்டும்போது, “டாக்டர், மரத்துப்போற ஊசி போட்டீங்களா?”ன்னு நர்ஸ் கேட்டா. அவர் மட்டும் சிரிக்கல.

என் டியூபா அப்பாவோடது. அது ரொம்ப நேரம் பிடிவாதம் பிடிச்சுட்டு, ஒரு பெருமூச்சு விட்டு உள்ள போச்சு. போறதுக்கு முன்னாடி, கைபட்டுக் கைபட்டுக் கருத்துப்போயிருந்த இடத்தை நான் துடைச்சேன். அப்பா பிடிச்ச இடம், அவருக்கு முன்னாடி ஊதினவங்க பிடிச்ச இடம். துடைக்கத் துடைக்க எனக்கு அழுகை வந்துச்சு, அழுதேன். ஆவியில யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். தபால்காரர் இன்னொரு துண்டை நீட்டினாரு.

அப்போதான் பின்பக்கக் கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. பாய்லர் ரூமுக்குப் போய்ப் பார்த்தா அண்ணன். அணைஞ்சுபோன பாய்லருக்கு முன்னாடி நின்னு, வாயை மூடிக்கிட்டு ‘ம்ம்ம்’னு முனகிப் பார்த்துக்கிட்டிருந்தான். கொஞ்சம் ஏத்துவான், கொஞ்சம் இறக்குவான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். முகம் வாடி, கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு.

“இதுதானே?”ன்னு கேட்டுட்டு, மறுபடி முனகினான். “இதுதானே அது?”

ஆமான்னு சொல்லிடலாம். ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் ஆமான்னு சொன்னா, அவன் அதைப் பிடிச்சுக்கிட்டுத் தனியாவே இந்த ரூம்ல நிப்பான்னு தோணுச்சு.

“தெரியலண்ணா. எனக்கும் போயிடுச்சு.”

“உனக்கும் போயிடுச்சா?”

“எனக்கு மட்டுமா? மேல எல்லாருக்கும் போயிடுச்சு. நீ வராத ஒத்திகையில அதுக்குத்தான் அப்படி ஒரு சண்டை.”

அவன் என்னையே பார்த்தான். “எனக்கு மட்டும்தான் போயிடுச்சுன்னு நினைச்சேன். நான்தான் அவளைத் தொலைச்சுட்டேன்னு…” நான் போய் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். சின்ன வயசுக்கப்புறம் நாங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே இல்ல.

“அண்ணி பாட்டு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. ஆனா எதுமேல வச்சு ஆரம்பிக்கிறது?”

“மேல வா. நான் ஒரு சுருதி பிடிக்கிறேன். அதுமேல வை.”

“அது அவளோட சுருதி இல்லையே.”

“இல்லதான். வேற இல்ல, அண்ணா. இருக்கிறது இதுதான்.”

பாய்லரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டு, “என் கார்னெட்டுக் குழாய் நகருமா?”ன்னு கேட்டான். பூட்டி வச்ச பெட்டியை எடுத்துட்டு வந்தான். நாங்களே துண்டு கட்டி, எண்ணெய் விட்டு, நகர்த்திக் குடுத்தோம்.

சாயங்காலம் எல்லாரும் மாடிக்கு ஏறினோம். ஈரப்போர்வைங்க தொங்கிக்கிட்டிருந்துச்சு, ஜன்னல் வழியா மஞ்ச வெளிச்சம் வந்து அதுங்க மேல விழுந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியல, நிழல்தான் தெரிஞ்சுது. நான் டியூபாவை மடியில வச்சு, மூச்சை இழுத்து, அடி சுருதியைப் பிடிச்சேன். இத்தனை வருஷமா எல்லாரும் பாய்லர்கிட்டதான் சுருதி வாங்கியிருக்கோம். மனுஷங்ககிட்ட மனுஷங்க வாங்கறது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

அண்ணன் கார்னெட்டை வாய்ல வைக்கல. கேட்டுக்கிட்டே நின்னான். எனக்கு மூச்சு முடிஞ்சுபோச்சு. பாய்லருக்கு மூச்சு முடியாது, எனக்கு முடியும். விடப்போறேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். போர்வைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, “விடாதே”ன்னான். நான் விட்டேன். விட்ட அதே இடத்துல நர்ஸோட யூஃபோனியம் பிடிச்சுக்கிச்சு. அவ மூச்சு முடியறப்ப பல் டாக்டரோட டிராம்போன் பிடிச்சுக்கிச்சு, அதுக்குள்ள எனக்கு மூச்சு திரும்ப வந்துடுச்சு. யாரும் யார்கிட்டயும் சொல்லி வச்சுக்கல. தபால்காரர் ட்ரம் மேல குச்சியை உருட்டி உருட்டி எடுத்தாரு, அந்த அதிர்வு தரைப்பலகை வழியா லேசா காலுக்கு வந்துச்சு.

அதுமேல அண்ணன் ஆரம்பிச்சான். அண்ணி பாட்டுத்தான். கார்னெட் வாய்ல துண்டு எதுவும் இல்ல, முழு சத்தம், ஜன்னல் வழியா தெருவுக்குப் போயிருக்கும். இஸ்திரி போடும்போது அண்ணி கை நகர்ற வேகம்கூட அந்தப் பாட்டுல இருந்துச்சு, மடிப்பு வர்ற இடத்துல அவங்க கொஞ்சம் நிதானிப்பாங்க, இவனும் நிதானிச்சான்.

பாதியில நின்னுட்டான். அதுக்கு மேல அவனுக்கு வரல. ஒரு தடவை முதல்லேர்ந்து எடுத்து ஊதிப் பார்த்தான், அதே இடத்துல நின்னான். போர்வை மேல அவன் நிழல் கார்னெட்டைக் கீழ இறக்கிட்டுக் குனிஞ்சுது.

நாங்க நிறுத்தல. நான் விட்டா நர்ஸ், நர்ஸ் விட்டா டாக்டர், டாக்டர் விட்டா நான். ஜன்னல் வெளிச்சம் மங்கிப்போச்சு, உதடு வலிச்சுது, யாரும் போகல. மிச்சப் பாட்டை அவன் தேடட்டும்னு சுருதியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தோம்.